கண்டக்டர் வளத்த பாசி நத்தை

கொளத்தூர்ல மீன் கடைத் தெரு எங்கன்னு விசாரிச்சு, கையில கூடையோட யாரும் போயிடாதீங்க. அங்க விக்கிறது குழம்புக்கு ஆவாது. கண்ணாடித் தொட்டியில விட்டு, மூக்க ஒட்ட வச்சுக்கிட்டுப் பாக்கலாம், அவ்வளவுதான்.

அந்தத் தெருக் கோடியில ஜெனோவான்னு ஒரு பொண்ணு கடை வச்சிருந்துச்சு. முப்பது வயசு இருக்கும். மீன் வாங்க வர்றவங்களவிட, சந்தேகம் கேக்க வர்றவங்கதான் அங்க ஜாஸ்தி. கேட்டா நேரா பதில் வராது. கையில ஒரு வலையத் திணிக்கும், இல்லாட்டி ஒரு செடியத் திணிக்கும், "இதப் புடிங்க"ன்னும். கேட்டவன் புடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். பக்கத்துக் கடைப் பசங்க 'மீன் சாமியாரு'ன்னு பேரு வச்சிருந்தானுங்க. சாமியாரு அதையெல்லாம் காதுல போட்டுக்காது. பேண்ட்ட முட்டி வரைக்கும் சுருட்டி விட்டுக்கிட்டு தொட்டி கழுவிக்கிட்டு இருக்கும்.

அங்கதான் ஒரு நாள் பக்தவச்சலம் வந்து நின்னாரு.

நின்னாருன்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அந்த மனுஷன் எங்கயும் நின்னதில்ல. டவுன் பஸ்ல காலம் பூரா கண்டக்டரு. ரிட்டையர் ஆகியாச்சு, ஆனா கால் ரெண்டும் இன்னும் ஓடுற வண்டியிலதான் இருக்கு. சிமெண்டுத் தரையில நிக்கும்போதே முன்ன பின்ன ஆடுவாரு, இப்பவே யாரோ பிரேக் அடிக்கப் போற மாதிரி. விரலிடுக்குல எப்பவும் ஒரு ரூபா காசு. எது எதிர்ல இருந்தாலும் அதால தட்டுவாரு. கம்பி, மேஜை, காய்கறிக்காரன் தராசு, பல்லு டாக்டரோட நாற்காலி. டக்கு டக்கு டக்கு. "உள்ள போ, உள்ள போ, உள்ள மைதானம் மாதிரி கிடக்குது பாரு!"

இப்ப அவரு கையில ஒரு பிளாஸ்டிக் பை. பையில கொஞ்சம் தண்ணி. தண்ணியில மூணு நத்தை.

"இன்னாம்மா, செத்த நத்தைய வித்துருக்கே?"

"எப்ப செத்துச்சுண்ணே?"

"நேத்து ரெண்டு செத்துச்சு, காலவாயில போட்டேன். இன்னிக்கு இது மூணு."

"செத்துச்சுன்னு எப்பிடித் தெரியும்?"

"தட்டிப் பாத்தேன்."

"எதால?"

பக்தவச்சலம் காசக் காட்டினாரு. "இதாலதான். கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பாசி திங்குதா, தூங்குதான்னு தெரியல. ஓட்டு மேல டக்குன்னு ஒண்ணு வச்சேன். உள்ள பூந்துக்கிச்சு. கீழ வுழுந்துச்சு. மறுபடி டக்கு. வரல. மறுபடி டக்கு. வரல."

"வரலன்னா?"

"செத்துடுச்சு."

"உள்ள பூந்துக்கிச்சே, அது யாரு?"

"நத்தைதான்."

"செத்தது எப்பிடிண்ணே உள்ள பூரும்?"

பக்தவச்சலம் பக்கத்துல இருந்த தொட்டிக் கண்ணாடிய காசால ரெண்டு தட்டு தட்டினாரு. உள்ள இருந்த மீனெல்லாம் சரேல்னு மூலைக்கு ஓடிச்சு.

"அப்ப அந்த ரெண்டு?" ன்னாரு.

"காலவாயிலதான இருக்கு. நீந்தத் தெரியாது. நடந்து எங்கயாவது போயிருக்கும்."

"கிண்டல் பண்ணாத. எனக்கு நத்தை வேணும்மா. ஒண்ணு ரெண்டு செத்தாக்கூட பரவால்லன்னு சொல்லுவாங்க, எனக்கு பரவால்ல இல்ல."

"கண்ணாடி பச்சையானா ஸ்பாஞ்ச் வச்சு தேச்சு வுடுங்க. நத்தை எதுக்கு?"

"தேய்ச்சா சத்தம் வரும். சத்தம் வந்தா அவன் வரமாட்டான்."

"யாரு?"

"ஹேமு. என் புள்ள."

ஹேமநாத் ஒரு கம்பெனியில கம்ப்யூட்டர் வேல பாத்தவன். முத சம்பளத்துல வாங்குன தொட்டிதான் அது, ஹால்ல இருக்குறது. கம்பெனிக்காரன் ஒரு நாள் காலையில, நாளையிலேருந்து வராதேன்னு அந்தக் கம்ப்யூட்டர்லயே சொல்லிட்டான். பையன் ரூமுக்குள்ள போயி கதவச் சாத்தினவன்தான். அம்மா இல்லாத வீடு. அப்பன் குரலுக்கு ஒரு 'ம்' கூட கிடையாது. ஆனா சாயங்காலம் வெளிச்சம் மங்குற நேரத்துக்கு ஒரு தடவ வெளிய வருவான். தொட்டி முன்னாடி நிப்பான். மீனப் பாப்பான். திரும்பப் போயிடுவான். அந்தக் கொஞ்ச நேரந்தான் பக்தவச்சலம் தன் புள்ள மூஞ்சியப் பாக்குற நேரம்.

இப்ப கண்ணாடியில பாசி ஏற ஆரம்பிச்சிருந்துச்சு. உள்ள இருக்கறது தெரியாமப் போச்சுன்னா அவன் எதுக்கு வெளிய வரணும்?

"அதுதாம்மா," ன்னாரு பக்தவச்சலம். "எனக்குத் தொட்டி பாக்கச் சொல்லிக் குடு. சிஷ்யனா சேந்துக்கறேன். உன் அப்பா வயசு, பரவால்ல, கால்ல வேணா விழறேன்."

"கால் ஈரமா இருக்கு, வழுக்கும். கைய நீட்டுங்க."

நீட்டினாரு.

ஜெனோவா அவரு விரலிடுக்குலேருந்து காச உருவி அந்தாண்ட வச்சுது. உள்ளங்கையில கொஞ்சம் தண்ணி ஊத்துச்சு. பையிலேருந்து ஒரு நத்தைய எடுத்து நிமித்தி வச்சுது. கருப்பும் மஞ்சளுமா வரி போட்ட ஓடு. வாசல்ல கதவு மாதிரி ஒரு மூடி, கச்சிதமா சாத்தியிருந்துச்சு.

"சும்மா இருங்க."

"எவ்ளோ நேரம்?"

"அது வர்ற வரைக்கும்."

"வரும்ங்கறியா?"

"பேசினா வராது."

பேசாம இருந்தாரு. கால் பேசிச்சு. இடது கால் தானா ஆட ஆரம்பிச்சு, ஆட்டம் இடுப்புக்கு ஏறி, தோளுக்கு வந்து, கை வழியா நத்தைக்குப் போச்சு. உள்ளங்கைத் தண்ணி பூரா அலை.

"வண்டி எங்க நிக்குதுண்ணே?" ன்னுச்சு ஜெனோவா.

"நிக்கலம்மா. பழக்கம்."

"நிறுத்துங்க."

ஸ்டூல்ல உக்காந்தாரு. ரெண்டு காலையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பூட்டினாரு. உடனே காது அரிச்சுது. அப்புறம் முதுகு. அப்புறம் செல்போன் அடிச்சுது, விட்டாரு. யாரோ ஒரு அம்மா வந்து தங்க மீன் கேட்டுச்சு, "பச்சைத் தொட்டி, மேல் வரிச"ன்னு சொல்ல நாக்கு துடிச்சுது, முழுங்கினாரு.

நத்தை ஓட்டுல ஒரு அசைவு. கதவு ஒரு மயிரிழை விலகிச்சு. ரெண்டு கொம்பு, நூல விட மெல்லிசா, வெளிய வந்து எட்டிப் பாத்துச்சு.

"ஏ வந்துட்டான்யா!"

டப்புன்னு மூடிக்கிச்சு.

"போயிட்டான்," ன்னாரு, அழுதுடற மாதிரி.

ஜெனோவா தங்க மீனப் பையில கட்டிக்கிட்டு இருந்துச்சு.

மறுபடி உக்காந்தாரு. மறுபடி காது அரிச்சுது. கொம்பு வந்துச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தாரு. கொம்புக்குப் பின்னால ஒரு சாம்பல் கலரு மூஞ்சி, அதுக்குப் பின்னால சதை மொத்தமும் பரவி, நத்தை அவரு உள்ளங்கையில நடக்க ஆரம்பிச்சுது. நடந்துக்கிட்டே நக்கிச்சு. பொடிப் பூனை நாக்கு ஒண்ணு தேய்ச்ச மாதிரி, சுர்ர்ருன்னு. எத்தனையோ வருஷம் சில்லறை எண்ணின கை. அதுல என்னத்தக் கண்டுச்சோ.

பக்தவச்சலம் மூச்சே விடல. கண்ணுல தண்ணி வந்துச்சு, தொடைக்கல.

அது சுண்டு விரல் வரைக்கும் போனப்புறம் ஜெனோவா எடுத்துப் பையில விட்டுச்சு.

அவரு எந்திரிச்சாரு. அடக்கி வச்சதெல்லாம் ஒட்டுக்க வெளிய வந்துச்சு. "புரிஞ்சிடுச்சும்மா! புரிஞ்சிடுச்சு! நத்தைன்னா எது? என் புள்ளதான்! ஓடுன்னா எது? அந்த ரூமு! நான் தட்டுறேன் பாரு, அரை மணிக்கு ஒரு தடவ, டீ வேணுமா டக்கு, இட்லி வேணுமா டக்கு, தலவலியா டக்கு, தட்டத் தட்ட உள்ள போறான்! சரியா?"

"உங்க புள்ள பாசி திம்பானா?"

"இல்ல."

"அப்ப நத்தை இல்லண்ணே."

"இல்லம்மா, நான் அதச் சொல்லல..."

"காச மறந்துட்டுப் போறீங்க."

"நீயே வச்சுக்கோ! இனிமே தட்டுனா என் பேரு பக்தவச்சலம் இல்ல!"

நத்தைப் பையத் தூக்கிக்கிட்டு ஓடியே போயிட்டாரு.

வீட்டுக்குப் போன மனுஷன் அன்னிலேருந்து ஆளே மாறிட்டாரு. கதவத் தட்டறது இல்ல. சாப்பாட்டுத் தட்ட வாசல்ல வச்சுட்டு, திருடன் மாதிரி நுனிக்கால்ல வந்துடுவாரு. டிவியில சத்தம் இல்ல. பைப்பத் தொறந்தாக்கூட நூல் மாதிரி தண்ணி. மேல் வீட்டுப் புள்ளைங்க குதிச்சா மாடிப்படி ஏறிப் போயி கையெடுத்துக் கும்பிட்டுட்டு வருவாரு. தொட்டிக்கு எதிர்ல நாற்காலி போட்டிருந்தது, அதையும் திருப்பிப் போட்டுட்டாரு, செவுத்தப் பாத்து. பாத்தா கை நீளும். கை நீண்டா தட்டும். எதுக்கு வம்பு?

செவுத்தப் பாத்து உக்காந்திருக்கறது லேசுப்பட்ட வேலையா? உள்ளுக்குள்ள வண்டி ஓடுது. விசில் அடிக்குது. ஒவ்வொரு ஸ்டாப்பா வருது, எறங்க முடியல. செத்துட்டானான்னு ஒரு ஸ்டாப். சாப்பிட்டானான்னு ஒரு ஸ்டாப். தொடைய ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டு உக்காந்திருப்பாரு. வேர்த்து ஊத்தும்.

சாயங்காலம் கதவு தொறக்கும். பையன் காலடி தொட்டிகிட்ட வந்து நிக்கும். இவரு திரும்ப மாட்டாரு. ஒரு நாள் அந்தக் காலடி தொட்டிய விட்டு அவரு நாற்காலிக்குப் பின்னால வந்து கொஞ்ச நேரம் நின்னுச்சு. அவரு கண்ண இறுக்கி மூடிக்கிட்டாரு. காலடி திரும்பிப் போச்சு.

"அசைஞ்சேனா? அசையலியே!" ன்னு தன்னையே தட்டிக் குடுத்துக்கிட்டாரு.

அப்புறம் ஒரு நாள் மீனுக்குத் தீனி போடப் போனப்ப, கீழ கூழாங்கல்லு மேல ஒரு நத்தை மல்லாந்து கிடந்துச்சு. தொறந்து, பாதி வெளிய வந்து, புடிக்க எதுவும் கிடைக்காம வளைஞ்சு வளைஞ்சு நெளிஞ்சுது. அவரு கை தண்ணி வரைக்கும் போச்சு. சட்டுன்னு இழுத்து முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாரு. கண்ணு மட்டும் அதுமேலயே இருந்துச்சு. கடைசியில கண்ணையும் திருப்பிக்கிட்டாரு.

தொட்டித் தண்ணி வெளுக்க ஆரம்பிச்சுது. மொதல்ல கண்ணாடியில ஆவி புடிச்ச மாதிரி. அப்புறம் அரிசி களஞ்ச தண்ணி மாதிரி. மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடிச்சு, ப்பா... ப்பா... ப்பா... படிக்கட்டுல தொங்குற கூட்டம் காத்து வாங்குற மாதிரி. வீடு முழுக்க ஒரு வாடை.

அன்னிக்கு சாயங்காலம் கதவு தொறந்துச்சு. ஹேமு ரெண்டு அடி வச்சான். தொட்டியப் பாத்தான். செவுத்தப் பாத்து உக்காந்திருந்த அப்பனப் பாத்தான். மூக்கப் பொத்திக்கிட்டுத் திரும்பினான். கதவு சாத்திக்கிச்சு, உள்ள தாப்பா விழற சத்தம் கேட்டுச்சு. இதுவரைக்கும் அவன் தாப்பா போட்டதில்ல.

பக்தவச்சலம் எந்திரிச்சாரு. கைய விட்டு அந்த நத்தைய எடுத்தாரு. பைய எடுக்கத் தோணல, செருப்பு மாட்டத் தோணல. கையில பொத்திக்கிட்டே கொளத்தூர் தெரு கோடி வரைக்கும் ஓடினாரு.

"இன்னாம்மா சொன்னே நீ? சும்மா இருன்னியே! சும்மாதான் இருந்தேன்! கல்லு மாதிரி இருந்தேன்! தண்ணி போச்சு, மீனு சாவக் கிடக்குது, பையன் தாப்பா போட்டுட்டான்!"

ஜெனோவா கைய நீட்டுச்சு. அவரு நத்தைய வச்சாரு. ஜெனோவா அத மூக்குகிட்ட கொண்டு போயி மோந்து பாத்துச்சு. மூஞ்சி மாறல. அப்பிடியே அவரு மூக்குகிட்ட நீட்டுச்சு.

பக்தவச்சலம் தலைய வெடுக்குன்னு பின்னால இழுத்தாரு. "அய்யய்யய்ய! செத்துப் போச்சு!"

"இப்பத் தெரியுதா?"

"தெரியுது, தெரியுது, எட்டத் தள்ளு!"

"இது எப்பிடிக் கிடந்துச்சு?"

"மல்லாந்து."

"உயிரோடயா?"

அவரு ஒரு கால் மாத்தி நின்னாரு.

"ஏண்ணே நிமித்தி விடல?"

"நீதான தொடக் கூடாதுன்னே!"

"எப்ப?"

"அன்னிக்கு! கையில வச்சுக்கிட்டு சும்மா இருன்னு..." பாதியில நிறுத்தினாரு. தன் உள்ளங்கையப் பாத்தாரு. அதத் தொடையில தொடச்சாரு.

ஜெனோவா நத்தைய ஒரு காகிதத்துல மடிச்சுக் குப்பையில போட்டுச்சு. கை கழுவிச்சு.

"பையன்கிட்ட பேசினீங்களா?"

"எங்க பேசறது? முன்னாடி தட்டினேன், அது தப்பு. தட்டாம இருந்தேன், இதுவும் தப்பு. நீயே சொல்லு, தட்டவா, வேணாமா? ஒரு பேச்சா சொல்லிடு, எனக்கு மண்டை வெடிக்குது."

"தட்டினப்ப இன்னா கேட்டீங்க?"

"டீ வேணுமா. இட்லி வேணுமா. மாத்திரை வேணுமா. சட்டை தோய்க்கவா. ஃபேன் வேணுமா. இன்னா வேணும், இன்னா வேணும், இன்னாதான் வேணும் உனக்கு? இப்பிடித்தான்."

"உங்களுக்கு?"

"எனக்கு இன்னா?"

"உங்களுக்கு ஒண்ணும் வேணாமா?"

"எனக்கு இன்னாம்மா வேணும்? பென்ஷன் வருது, கை கால் நல்லா இருக்குது. எனக்குன்னு ஒருத்தர்கிட்ட போயி நின்னதே கிடையாது."

ஜெனோவா கடிகாரத்தப் பாத்துச்சு. "பாதித் தண்ணிய எடுத்துட்டுப் புதுசு ஊத்தணும்ணே. இன்னிக்கே. இல்லன்னா மிச்ச நத்தையும் போவும், மீனும் போவும். வீட்ல இன்னா தண்ணி?"

"மேல குழாய்ல வர்றது மருந்து கலந்த தண்ணி, மீனுக்கு ஆவாது. போர் தண்ணி கீழ இருக்குது. நாங்க ரெண்டாவது மாடி." பேசும்போதே கால் ஓட ஆரம்பிச்சிருந்துச்சு. "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்! பக்கெட் இருக்குது. எத்தன நடையா இருந்தா இன்னா? மாடி பஸ்ல மேலயும் கீழயும் ஏறி எறங்கினவன்தான் நானு. சத்தமே இல்லாம ஊத்திடறேன். அவனுக்குத் தெரியவே தெரியாது."

"நில்லுங்க."

ஜெனோவா உள்ள போச்சு. உள்ள தண்ணி கொட்டுற சத்தம், எதையோ இழுக்குற சத்தம். ஒரு பெரிய நீல டப்ப உருட்டிக்கிட்டு வந்துச்சு. ஒரு ஆளு உள்ள உக்காந்து குளிக்கலாம், அவ்வளவு பெருசு. ரெண்டு பக்கமும் கைப்பிடி.

"பக்கெட் வேணாண்ணே. இதுல புடிச்சு மேல கொண்டு போங்க."

பக்தவச்சலம் ஒரு கைப்பிடியப் புடிச்சுத் தூக்கினாரு. அந்தப் பக்கம் தரையில இடிச்சுது. சுத்தி வந்து அடுத்த கைப்பிடியத் தூக்கினாரு. இந்தப் பக்கம் இடிச்சுது. நடுவுல நின்னு ரெண்டு கையையும் விரிச்சுப் பாத்தாரு, எட்டல.

"காலியாவே இப்பிடி இருக்குதே," ன்னாரு. "நிறைஞ்சா இத ஒத்த ஆளு படியேத்த முடியாதே, கூட ஒரு ஆளு வேணுமேம்மா?"

"வேணும்தாண்ணே," ன்னுச்சு ஜெனோவா.